மரச்சில்லில் வந்த அழைப்பு

ரோமானியர் வரலாறு என்றால் நெடுங்காலம் அது பேரரசர்களின் வரலாறுதான். ரோமின் வீழ்ச்சியைப் பற்றி வரலாற்றாசிரியர் கிப்பன் எழுதிய ஆறு தொகுதிகளைப் (1776–1788) படித்து முடிப்பவருக்கு அரண்மனைச் சூழ்ச்சிகள் அத்துப்படியாகிவிடும். ரொட்டி சுட்டவன் முகம் தெரியாது. அவனைத் தேடிப் போகும் வழி 1853இல் பெர்லினில் திறந்தது. பேரரசெங்கும் சிதறிக் கிடந்த லத்தீன் கல்வெட்டுகளைத் தொகுக்கும் பணியை தியோடர் மோம்சென் அங்கே தொடங்கிவைத்தார். இன்றுவரை 1,80,000க்கும் மேற்பட்டவை சேர்ந்திருக்கின்றன. 1871இல் வந்த நான்காம் தொகுதிக்கு என் மனதில் தனி இடம் உண்டு. பாம்பேயி நகரச் சுவர்களில் எழுதிய தேர்தல் விளம்பரங்களையும் கிறுக்கல்களையும், பளிங்கில் செதுக்கிய அரச சாசனங்களுக்குக் காட்டிய அதே அக்கறையோடு அதில் பதிப்பித்திருக்கிறார்கள்.

சாமானியரைத் தேடும் இந்தத் துறையின் பெரிய திருப்பம் 1973இல், வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில் நிகழ்ந்தது. ஈரமண்ணில் காற்றுப் படாமல் கிடந்த மெல்லிய மரச்சில்லுகளை ராபின் பர்லி தோண்டி எடுத்தார். அஞ்சலட்டை அளவுதான் இருக்கும், மையால் எழுதியவை. மங்கிப்போன எழுத்தை அகச்சிவப்பு ஒளிப்படங்களின் துணையோடு ஆலன் போமனும் டேவிட் தாமஸும் வாசித்தார்கள். ஒரு சில்லில், சிப்பாய் ஒருவனுக்கு அனுப்பிய காலுறை, செருப்பு, உள்ளாடைக் கணக்கு. இன்னொன்று, ஏறக்குறைய கி.பி. 100இல், அதிகாரி ஒருவரின் மனைவியான கிளாடியா செவேரா, கோட்டைத் தலைவனின் மனைவி லெப்பிடினாவுக்கு எழுதியது: செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால்தான் எனக்கு நிறைவு. இதுவரை எழுத்தரின் கை. அடியில் கையெழுத்து மாறுகிறது. பழக்கமில்லாத கோணல் எழுத்தில், உடன்பிறந்தாளே என்று அழைத்து விடைபெறுகிறாள் செவேரா. ஒரு பெண் தன் கைப்பட எழுதிய லத்தீனில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

எழுத்து எவ்வளவு தூரம் பரவியிருந்தது? படிக்கத் தெரிந்தவர்கள் எப்போதும் சிறுபான்மையே என்று 1989இல் வில்லியம் ஹாரிஸ் வாதிட்டார். மொத்தக் கணக்கில் அவர் சொல்வதை நானும் ஏற்கிறேன். ஆனால் எழுதத் தெரியாதவன் வாழ்விலும் எழுத்து நுழைந்திருந்தது. லண்டனில் 2010க்குப் பிறகு கிடைத்த 405 மெழுகுப் பலகைகளில் மெழுகு போய்விட்டாலும் எழுத்தாணி மரத்தில் பதித்த கீறல் மிஞ்சியிருக்கிறது. அவற்றுள் ஒன்று, கி.பி. 57 ஜனவரி 8 தேதியிட்ட, நம்மூர் புரோநோட்டு போன்ற கடன் சீட்டு. வாங்கிய சரக்குக்காக 105 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) கடன்பட்டவனும் கொடுத்தவனும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றிலோ, களவு கொடுத்தவர்கள் திருடனைச் சபித்து எழுதிய ஈயத் தகடுகள் சுமார் 130 கிடைத்தன.

இவ்வளவு கிடைத்தும் அடிமையாகவே வாழ்ந்து மடிந்தவரின் சொந்தக் குரல் அரிது. அவரைப் பற்றிப் பெரும்பாலும் பிறர்தான் பேசுகிறார்கள். விடுதலை பெற்றவர்களுக்கும் சிலசமயம் இதே நிலைதான். வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் உள்ள இரண்டாம் நூற்றாண்டுக் கல்லறைக் கல்லில் ரெஜினா கூடை நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள், மடியில் நூற்கும் கதிர். பிரித்தானியப் பழங்குடிப் பெண். அடிமையாக இருந்தவளை விடுவித்து மணந்தவன் சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பராத்தெஸ். அவள் இனமும், 30 என்ற வயதும், தன் மனைவி என்பதும் லத்தீனில். அதன்கீழ் அவன் ஊர் மொழியான அரமேயத்தில் ஒரே வரி: அவள் பெயர், தான் விடுவித்தவள் என்ற குறிப்பு, கடைசியில் ஓர் ஐயோ.