உள்ளூர் வானொலி யாருடையது?

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எது என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், நாகர்கோவில், 1984 அக்டோபர் 30 என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அகில இந்திய வானொலியின் கணக்குப்படி அது சரியான விடை. தேசியம், மாநிலம், உள்ளூர் என்று ஒலிபரப்பை மூன்று அடுக்காகப் பிரித்தபோது மூன்றாம் அடுக்கில் முதலில் எழுந்த நிலையம் அதுதான். ஆனால் ஓர் ஊர் தன் சொந்தப் பொறுப்பில், தன் மக்களுக்காக நடத்துவதுதான் உள்ளூர் வானொலி என்றால், அது சென்னையில் 1930 ஏப்ரல் 1 அன்றே தொடங்கிவிட்டது. நடத்தியது சென்னை மாநகராட்சி. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே 54 ஆண்டுகள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு வானொலி பெரிதாக வளர்ந்தது. வளரும்போதே ஒன்றை இழந்தும் வந்தது. வளர்ச்சியைக் கொண்டாடிய அளவுக்கு இழப்பை நாம் எடைபோடவில்லை.

மாநகராட்சி வானொலிக்கும் ஒரு முன்கதை உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பியது. ஒலிபரப்பியின் திறன் முதலில் 40 வாட், அதாவது வீட்டில் எரியும் ஒரு குண்டு பல்புக்கான மின்சாரம். பிறகு 200 வாட் ஆனது. பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி நிலையம் திறந்தது 1927 ஜூலையில்தான் என்பதை நினைத்தால் இந்த ஆர்வலர்களின் துணிச்சல் விளங்கும். ஆனால் ஆர்வத்தால் மட்டும் நிலையம் ஓடாது. வானொலிப் பெட்டி வாங்க வசதியுள்ள சிலர், அவர்களைப் போன்ற வேறு சிலருக்கு நடத்திய சேவை அது. பணம் வற்றியது, 1927-லேயே கிளப் நின்றது. நின்றபோது அது செய்த ஒரு காரியம் வரலாற்றில் தங்கிவிட்டது: தன் ஒலிபரப்பியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது.

மாநகராட்சி அதைக் கொண்டு செய்தது பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். மாலையில் சில மணி நேர இசை, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நேரம், விடுமுறை நாள் காலையில் இசைத்தட்டு, ஐரோப்பியர்களுக்கென்று அவ்வப்போது மேற்கத்திய இசை, பெரும்பாலும் இவ்வளவுதான். நகரத்தைத் தாண்டி எட்டாது. மாநகராட்சி மன்றமே அன்று வரி கட்டும் வசதியுள்ளோர் ஓட்டுப் போட்டு அமைந்த மன்றம். ஆகவே ஊர் முழுவதின் குரல் என்றும் அதைச் சொல்ல முடியாது. இருந்தும் இரண்டு விஷயங்களில் அது பின்னால் வந்த எல்லா நிலையங்களையும் விஞ்சி நிற்கிறது. முதலாவது, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்ததால் பெட்டி வாங்க முடியாதவரும் கேட்டார். காற்று வாங்க வந்த கூலித் தொழிலாளியால் காசு கொடுக்காமல் கச்சேரி கேட்க முடிந்தது. இரண்டாவது, நிகழ்ச்சியில் குறை இருந்தால் மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் அதே ஊரில், அதே மன்றத்துக்குக் கட்டுப்பட்டவராக இருந்தார். வானொலிக்கும் கேட்பவருக்கும் இடையில் இப்படியொரு நேரடிப் பிடிமானம் தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு எந்த நிலையத்துக்கும் வாய்க்கவில்லை.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கியது. மாநகராட்சிச் சேவை முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மே 16 அன்று திருச்சி நிலையம். லாபங்களை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை மெய்யானவை. சென்னையின் சிற்றலை ஒலிபரப்பி 10 கிலோவாட், திருச்சியின் மத்திய அலை 5 கிலோவாட். கலைஞர்களுக்கு ஒழுங்கான சன்மானம் கிடைத்தது. நாடகத்துக்கும் உரைக்கும் பயிற்சி பெற்ற தயாரிப்பாளர்கள் வந்தார்கள். தி. ஜானகிராமன், மீ.ப. சோமு போன்ற எழுத்தாளர்கள் வானொலியில் பணியாற்றினார்கள். ஒரு நகராட்சியின் வருமானத்தில் இதையெல்லாம் செய்திருக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து எந்த அலைவரிசை, எத்தனை மணி நேரம், என்ன செய்தி என்ற முடிவுகள் டெல்லிக்குப் போயின. நிலையம் உள்ளூரில் இருந்தது. நிலைய இயக்குநரோ மாற்றலாகி வருகிறவர், மாற்றலாகிப் போகிறவர்.

கேட்பதைப் பொதுவாக்கும் வேலையை மட்டும் இந்த மாநிலம் விடவில்லை. ஐம்பது, அறுபதுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூங்கா என்ற பெயரில் நாலு செடி, நடுவில் பூட்டிய ஒரு சிறு அறை, அதன் தலையில் கூம்பு ஒலிபெருக்கி. சாயங்காலம் ஒருவர் வந்து பூட்டைத் திறந்து பெட்டியைப் போடுவார். செய்தி, கிராம நிகழ்ச்சி, கொஞ்சம் பாட்டு. அத்தனையும் ஊருக்கே பொதுவாகக் கேட்கும். முடிந்ததும் அறை மீண்டும் பூட்டப்படும். எந்த நிலையத்தை வைப்பது என்பதில்கூட ஊராருக்குப் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. அந்த அறைகள் பல ஊர்களில் இன்னும் இடியாமல் நிற்கின்றன. பஞ்சாயத்துக்கு ரேடியோ கேட்கும் உரிமை இருந்தது, பேசும் உரிமை இல்லை.

இதற்கு எதிர்வாதமாகத் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். 1966-இல் தேர்ந்தெடுத்த சில நிலையங்களில் பண்ணை, இல்லம் என்ற தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அவற்றில் திருச்சியும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் அப்போதுதான் தஞ்சை வயல்களுக்கு வந்தது. எப்போது நாற்று விடுவது, எத்தனை நாளில் பறித்து நடுவது, எந்த உரத்தை எப்போது இடுவது என்று மாலை தவறாமல் வானொலி சொன்னது. அந்த ரகத்துக்கு விவசாயிகள் மத்தியில் ரேடியோ நெல் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு நிலையம் தன் சுற்றுவட்டத்தைக் கவனித்துப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்திய வானொலி வரலாற்றிலேயே இதைவிட நல்ல சான்று கிடையாது. வானொலி தனியாகச் சாதித்தது என்றும் எண்ண வேண்டாம். தஞ்சை மாவட்டத்தில் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே தீவிர விவசாயத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. விதைக்கும் கடனுக்கும் உரத்துக்கும் ஏற்பாடு இருந்தது. கேட்டதை மறுநாளே செய்து பார்க்க வழி இருந்ததால்தான் பேச்சுக்குப் பலன் கிடைத்தது.

ஆனால் அந்தப் பேச்சு யாரை நோக்கியது? விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசும்போது கேட்பவர் நிலம் உடையவர், அல்லது குத்தகைக்காரர். சேற்றில் இறங்கி நட்டவருக்கும் அறுத்தவருக்கும் அந்த நெல் கொண்டுவந்த முதல் கேள்வி கூலி. விளைச்சல் கூடினால் கூலி கூட வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், அப்படிக் கூலி கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். அது அன்றைய தஞ்சை மாவட்டம், ரேடியோ நெல்லின் அதே மண். பண்ணை ஒலிபரப்பு அந்தக் கொடுமையைத் தடுத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பழியை அதன்மேல் போடுவது நியாயமும் அல்ல. ஆனால் ஒரு வட்டாரத்தின் வேளாண்மையைப் பற்றித் தினமும் பேசிய நிகழ்ச்சியின் வரையறைக்குள் கூலி என்ற பொருளே வரவில்லை என்பது அதன் அமைப்பிலேயே இருந்த குறை. என்ன பேசலாம் என்பதை வயலில் நின்றவர்கள் முடிவு செய்யவில்லை. அலுவலகங்கள் முடிவு செய்தன.

கலையிலும் இதே கதைதான். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் திரையிசையை வானொலியிலிருந்து ஒதுக்கியபோது, தென்கடற்கரை மக்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் வீட்டு மனிதர்களின் குரலாகிவிட்டன. கடல் தாண்டிய நிலையம் ஒன்று நேயரின் ஊரையும் பெயரையும் சொல்லிப் பாட்டுப் போட்டது. உள்ளூர் நிலையம் அதைச் செய்யத் தயங்கியது. 1963-இல் வந்த திருநெல்வேலி நிலையம் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது என்பேன். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் வழங்கும் மண்ணுக்கு அருகில் ஒலிப்பதிவுக் கூடம் வந்தது. ஆனால் கோயில் கொடையில் விடிய விடிய நடக்கும் கதையை அரை மணிக்குள் வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. வட்டார வழக்குக்கு நாடகத்திலும் கிராம நிகழ்ச்சியிலும் இடம் தந்த வானொலி, அறிவிப்பிலும் செய்தியிலும் கடைசிவரை தரவில்லை.

இனி நாகர்கோவில். இடத் தேர்வில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. திருவனந்தபுரம் பக்கத்தில், சென்னை வெகு தூரத்தில். சின்ன மாவட்டம், ஆனால் அதற்குள் நாஞ்சில் நாட்டு நெல் வயல், விளவங்கோட்டுப் பனை, குலசேகரம் பக்கத்து ரப்பர், குளச்சல் மீன்பிடி என்று வெவ்வேறு வாழ்க்கை. மாநிலம் முழுவதற்கும் பேசும் நிலையத்தால் இவற்றில் ஒன்றையும் முழுதாகத் தொட முடியாது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பேசும் நிலையம் எல்லாவற்றையும் தொடலாம். ஊராரை ஊராரோடு பேசவைப்பது, களத்துக்குப் போய்ப் பதிவு செய்வது, அன்றாடத் தகவலைச் சொல்வது என்று உள்ளூர் நிலையத்துக்கு வகுத்த நோக்கங்கள் இன்று படித்தாலும் குறை காண முடியாதவை.

நிலையம் தொடங்கிய மறுநாள் 1984 அக்டோபர் 31. காலையில் டெல்லியில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பிபிசி பகலிலேயே மரணச் செய்தியைச் சொல்லிவிட்டது. அகில இந்திய வானொலி மாலை ஆறு மணிக்குத்தான் அறிவித்தது. நாடு முழுவதும் மற்ற நிலையங்களைப் போலவே பிறந்து ஒரு நாளான நாகர்கோவில் நிலையத்தாலும் காத்திருக்கத்தான் முடிந்தது. அது ஓர் அசாதாரண நாள் என்று விட்டுவிடலாம். ஆனால் சாதாரண நாட்களிலும் நிலைமை அதிகம் மாறவில்லை. தமிழில் மாநிலச் செய்தி சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தது. மாவட்டத்தில் நடப்பதை அன்றன்றைக்குத் தானே திரட்டி, தானே சரிபார்த்து வாசிக்கும் செய்திப் பிரிவு உள்ளூர் நிலையங்களுக்குத் தரப்படவில்லை. 1982-இல் மண்டைக்காட்டுக் கலவரத்தில் வதந்தி எப்படிப் பரவும் என்பதைக் கண்ணால் கண்ட மாவட்டம் அது. உடனுக்குடன் உண்மையைச் சொல்லும் உள்ளூர்க் குரலின் தேவை அங்கே எவருக்கும் விளக்காமலே புரியும். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தரப்பட்டது.

தொழில்நுட்பத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. உள்ளூர் நிலையங்கள் பெரும்பாலும் பண்பலையில் அமைந்தன. துல்லியமான ஒலி, ஆனால் பார்வைக் கோட்டைத் தாண்டி அதிக தூரம் போகாது. எண்பதுகளில் வீடுகளில் இருந்த பெட்டிகளோ பெரும்பாலும் மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே பிடிப்பவை. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் போகிறவர்கள். அவர்கள் படகுக்குப் பண்பலை எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கடலில் இருந்தவர்களை எச்சரிக்கை எட்டாத துயரத்தைக் குமரி மாவட்டம் அனுபவித்தது. மாவட்டத்துக்கென்று வானொலி இருந்தும், மாவட்டத்திலேயே அதிக ஆபத்தில் இருந்தவர்களை அதனால் அடைய முடியவில்லை.

நிலைய ஊழியர்களைக் குறை சொல்லி இதை முடிப்பது அநியாயம். காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், தற்காலிக அறிவிப்பாளர்களைக் கொண்டு நாளை ஓட்டிய நிலையங்களில் இருந்துகொண்டு, மேலிருந்து வரும் அஞ்சல் ஒலிபரப்புக்கு நடுவே உள்ளூர் நேரத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான்.

1995-இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலித்தது, 2006 முதல் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி உரிமம் கிடைத்தது, பாம்பனில் கடல் ஓசை மீனவர்களுக்கென்றே பேசுகிறது. 1924-இன் ஆர்வலர்களும் 1930-இன் மாநகராட்சியும் செய்ததை நோக்கி நாம் மெல்லத் திரும்பி வருகிறோம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அகில இந்திய வானொலி தரும் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம் என்பதைத் தாண்டி, இந்த நிலையங்கள் தாமே செய்தி திரட்டி வாசிக்க அனுமதி இல்லை. அச்சில் யாரும் உள்ளூர்ப் பத்திரிகை நடத்தலாம், கைப்பேசியில் யாரும் எதையும் பரப்பலாம். பொறுப்பேற்று, உரிமம் பெற்று, முகவரியோடு நடக்கும் வானொலி மட்டும் தன் ஊரில் நடந்ததைச் செய்தியாகச் சொல்லக் கூடாது. இந்தத் தடையை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். அரசின் உள்ளூர் நிலையம் ஒவ்வொன்றுக்கும் அந்த மாவட்டத்துக்குப் பதில் சொல்லும் ஒரு செய்திப் பிரிவைத் தர வேண்டும். அதைத் தரும்வரை உள்ளூர் வானொலி என்ற பெயர் நிலையம் இருக்கும் இடத்தைத்தான் குறிக்கும்.