26-இல் 22

இதய மருத்துவர்கள் கதிர்வீச்சு பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு எண் வந்துவிடும்: 85 சதவீதம். ஆஞ்சியோ செய்யும் மருத்துவர்களின் மூளைக் கட்டிகளில் அத்தனை பங்கு இடப்பக்கமாம். மூலக் கட்டுரையை நிதானமா படிச்சேன்.

ஏரியல் ரோகுயின் குழுவினர் 2013-இல் எழுதியது. மூளை, கழுத்துக் கட்டி வந்த 31 மருத்துவர்களின் தொகுப்பு. எந்தப் பக்கம் என்று தெரிந்தது 26 பேருக்கு. அதில் 22 பேருக்கு இடப்பக்கம். அவ்வளவுதான் அந்த 85.

இது கட்டி வந்தவர்களின் பட்டியல் மட்டுமே. இதே வேலையைச் செய்தும் கட்டி வராதவர்கள் எத்தனை ஆயிரம்? அந்தக் கணக்கு இல்லாமல் ஆபத்து இத்தனை மடங்கு என்று சொல்லவே முடியாது. மேடையில் என்னமோ சொல்லிடறாங்க.

இடப்பக்கச் சாய்வை மட்டும் சுலபமாகத் தள்ள முடியவில்லை. மருத்துவர் நிற்பது நோயாளியின் வலப்பக்கம். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் மருத்துவரின் இடப்பக்கத்தில்தான் அதிகம் விழும். பொருந்துகிறது. ஆனால் இடப்பக்கம் கட்டி வந்தவருக்குத்தானே 'வேலையால வந்ததோ' என்று தோன்றும்? அந்தக் கதைதானே வெளியே வரும்?

எதிர்த்தரப்பு காட்டுவது 2017-இல் வந்த அமெரிக்க ஆய்வை. இந்த வகைச் சிகிச்சை செய்யும் 45,634 மருத்துவர்களையும் 64,401 மனநல மருத்துவர்களையும் ஒப்பிட்டது. மொத்தத்தில் இறப்பு கூடவில்லை. நிம்மதிதான். ஆனால் அதில் யார் எவ்வளவு கதிர் வாங்கினார் என்ற அளவே கிடையாது. துறையை வைத்துப் பிரித்ததுதான்.

இந்தச் சண்டையில் மறந்துபோவது கண். போகோட்டா, மான்டிவிடியோ நகரங்களில் பரிசோதித்தபோது இதயச் சிகிச்சை மருத்துவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கண் வில்லையின் பின்புறம் மங்கல்; கதிர்வீச்சில் வேலை செய்யாதவர்களில் 12 சதவீதம். இங்கே ஒப்பிட ஆள் இருக்கிறது, கண்ணையும் நேரில் பார்த்திருக்கிறார்கள். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் 85-ஐ விட இதை நம்புவேன். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் கண் வில்லைக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவெர்ட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கச் சொன்னது சும்மா இல்லை.

எனக்கு 85-ஐ முதலில் சொன்ன மருத்துவரிடம் போன வாரம் கேட்டேன்: ஈயக் கண்ணாடி போடறீங்களா சார்? "கனமா இருக்கு, ஆவி படியுது." கதிர் அளக்கும் பேட்ஜ்? "லாக்கர்ல இருக்கும்."