முன்சீபின் மேசையும் ஞானாம்பாளின் ஆட்சியும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) ‘முதல் தமிழ் நாவலாசிரியர்’ என்ற ஒரு வரியில் அடைத்துவிட்டோம். அவருடைய அலுவல் எழுத்துக்கு இலக்கிய வரலாறுகளில் அரை வரிதான். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பிறகு முன்சீப் ஆனவர் அவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சதர் நீதிமன்றம் போய்ச் சென்னை உயர்நீதிமன்றம் வந்தது.

அக்காலச் சொத்து வழக்குகளில் பெண் அடிக்கடி வருகிறாள்: விதவையாக, தத்தெடுத்தவளாக, ஜீவனாம்சம் கேட்பவளாக. இராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தனி, கணவர் இறந்தபின் எடுத்த தத்து செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. செல்லும் என்று 1868இல் தீர்ப்பாயிற்று. பங்காளிகளின் சம்மதம் இருந்ததால்!

இப்படிப்பட்ட வழக்குக்கட்டுகளோடு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தவர்தான், 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஞானாம்பாளை நாடாள வைக்கிறார், ஆண் வேடத்தில். பெண் கல்விக்காக எழுதியவர் ஏன் அவளைப் பெண்ணாகவே அமர்த்தவில்லை என்று மாணவியர் கோபப்படுவதுண்டு. நியாயமான கோபம். ஆனால் எனக்கு அது கற்பனை வறட்சியாகத் தோன்றவில்லை. கச்சேரி நடப்பு அறிந்தவரின் கணக்கு. வழக்குக்கட்டில் வாதியாகப் பெண் இருக்கலாம், தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் முடியாது. பெண்கள் வழக்கறிஞராகச் சட்டம் வழிவிட்டதே 1923இல்தான். வேடத்தை விட, ஆட்சி முடிந்ததும் அவள் குடும்பத்துக்குத் திரும்புவதுதான் என்னை உறுத்துகிறது.

தமிழ் ஊர்களின் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாடுவதை அந்த நாவல் கடிந்துகொள்கிறது. எல்லாம் தமிழில் நடந்தால் போதுமா? மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவியருக்கு அந்தப் பகுதியை நடத்துகையில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று பலகையில் எழுதுவேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம், யாருக்கு விடுதலையோ! 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வந்தது. அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சலைக் காணக் கூட்டம் அலைமோதும் ஊர்ப்பக்கத்திலும், “சீர்தான் செஞ்சாச்சே” என்ற ஒரு பேச்சுக்குக் கையெழுத்து விழுந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் அம்மா எழுதிக்கொடுத்த பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்தாள். முழுக்கத் தமிழ். ‘மனப்பூர்வமாக’ என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் அவளே அடிக்கோடிட்டிருந்தாள்.