ஒப்புவித்தல்: தமிழ் விவிலியத்தில் தலைமை உருவாக்கம் – சொல்வழித் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ நோக்கில் வருங்காலத் தலைவர்களை உருவாக்குவது பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தலைவருக்கு வேண்டிய பண்புகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. அப்பண்புகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு சென்று சேர்கின்றன என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. இவ்வினாவுக்குத் தமிழ் விவிலியத்தின் ‘ஒப்புவி’ என்னும் வினைச்சொல்வழி விடை காண முயல்கிறது இக்கட்டுரை. மனப்பாடமாகச் சொல்லுதல், பொறுப்பைக் கையளித்தல் என்னும் அச்சொல்லின் இருபொருளும் தலைமை உருவாக்கத்தின் இருவேறு முறைகளைக் குறிக்கின்றன என்பதும், பேராயர் அசரியாவின் வாழ்வு அவற்றுக்கிடையிலான முரணை வெளிப்படுத்துகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒப்புவித்தல், கண்காணி, ஊழியம், தீமோத்தேயு, அசரியா, தலைமை உருவாக்கம்

முன்னுரை

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இன்றும் பெருவழக்காக உள்ள தமிழ் விவிலியம், என்றி பவர் முதன்மையாகப் பங்காற்றிய குழுவின் முயற்சியால் 1871இல் முழுமை பெற்ற மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அதன் சொல்லாட்சி ஒன்றரை நூற்றாண்டாகத் தமிழ்க் கிறித்தவரின் சிந்தனையை வடிவமைத்துள்ளது. ஆகவே தமிழ்ச் சூழலில் கிறித்தவத் தலைமையை ஆராய்வோர், மேலைநாட்டு மேலாண்மை நூல்களுக்குச் செல்லுமுன் இச்சொல்லாட்சியை ஆராய்வது பொருத்தமாகும்.

தலைமையைச் சுட்டும் சொற்கள்

புதிய ஏற்பாட்டின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, திருச்சபைப் பொறுப்புகளைக் குறிக்கத் ‘தலைவர்’ என்னும் சொல்லைப் பெரிதும் நாடவில்லை. யூதரின் தொழுகைக்கூடத்துக்குத் ‘தலைவன்’ உண்டு. திருச்சபைக்கோ ‘மூப்பர்’, ‘கண்காணி’, ‘உதவிக்காரர்’ ஆகியோர் உளர். எபிரெயர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் ‘நடத்துகிறவர்கள்’ என வினையாலணையும் பெயராகவே அவர்களைச் சுட்டுகிறது. பதவியைவிடச் செயலே இச்சொற்களில் முன்நிற்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்து ‘மூப்பர்’ எனப்பட்டோரே சில வசனங்களுக்குப் பின் ‘கண்காணிகள்’ எனப்படுகின்றனர். எனவே இவை படிநிலை வேறுபாட்டைக் குறிப்பன அல்ல என்பதும் புலனாகிறது.

ஆயினும் இச்சொற்களின் பின்வரலாறு கவனிக்கத்தக்கது. ‘எபிஸ்கொப்போஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு விவிலியம் தந்த ‘கண்காணி’ என்பது திருச்சபையின் பதவிப்பெயராக நிலைபெறவில்லை. அவ்விடத்தை ‘அத்தியட்சர்’, ‘பேராயர்’ முதலிய உயர்வழக்குச் சொற்கள் பெற்றன. கண்காணியோ இலங்கை, மலாயாத் தோட்டங்களில் ஆள்சேர்த்து, கடனால் பிணைத்து, வேலை வாங்கும் இடைத்தரகரின் பெயராயிற்று. உரோமர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் முன்நின்று நடத்துபவரைக் குறிக்க ஆளப்பட்ட ‘முதலாளி’ என்னும் சொல்லை இன்றைய வாசகர் உடைமையாளர் என்றே பொருள்கொள்வர்.

‘ஊழியக்காரர்’ என்பதன் மாற்றம் இவற்றினும் ஆழமானது. பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் பவுலும் தீமோத்தேயுவும் தம்மை அடிமை எனப் பொருள்படும் ‘தூலொஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லால் அறிமுகம் செய்துகொள்கின்றனர். தமிழில் அது ‘ஊழியக்காரர்’ ஆயிற்று. இன்று அச்சொல் மேடையில் முதலிருக்கை பெறும் மதிப்புப்பெயராகவே பெரிதும் வழங்குகிறது. அடிமையின் பெயர் அதிகாரத்தின் பெயராக மாறிய நிலையில், அச்சொல்லைக் கற்பிப்பதால் மட்டும் பணிவுடைய தலைவர்கள் உருவாகிவிடமாட்டார்கள். சொல்லின் பொருளைக் காப்பது அதன்வழி நிகழும் செயலே. அச்செயலை விளக்குவது ‘ஒப்புவி’ என்னும் வினை.

‘ஒப்புவி’ – இருபொருள்

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரம், தான் கேட்டவற்றை நம்பத்தக்கவர்களிடம் ‘ஒப்புவி’க்குமாறு தீமோத்தேயுவைப் பணிக்கிறது, அவர்கள் பிறருக்குக் கற்பிக்கும் தகுதியுடையோராதல் வேண்டும் என்கிறது. பவுல், தீமோத்தேயு, நம்பத்தக்கவர், பிறர் என நான்கு கண்ணிகள் ஒரே வாக்கியத்தில் இணைகின்றன.

தமிழில் ‘ஒப்புவித்தல்’ என்பதற்குக் கற்ற பாடத்தை ஆசிரியர்முன் பிழையின்றி மனப்பாடமாகச் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. திண்ணைப்பள்ளியில் மாணவர் சட்டாம்பிள்ளையிடம் ஒப்புவித்தனர். இம்முறையில் பாடம் மாணவரிடமிருந்து மீண்டும் ஆசிரியரிடமே திரும்புகிறது. அவரே இறுதி நடுவர். மூலத்திலுள்ள ‘பராதித்தேமி’ என்னும் வினையோ ஒருவரது பாதுகாப்பில் ஒன்றை வைத்துச் செல்வதைக் குறிக்கிறது. இங்குப் பொருள் கொடுத்தவரை விட்டு முன்னோக்கிச் செல்கிறது. பெற்றவரே இனி அதற்குப் பொறுப்பாளர்.

இதே வினை அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரத்திலும் வருகிறது. பவுலும் பர்னபாவும் தாம் நிறுவிய சபைகளில் மூப்பரை ஏற்படுத்தி, அவர்களைக் கர்த்தருக்கு ‘ஒப்புவித்து’ப் புறப்படுகின்றனர். நிருபத்தில் செய்தி மனிதரிடம் ஒப்புவிக்கப்படுகிறது. இங்கு மனிதர் இறைவனிடம் ஒப்புவிக்கப்படுகின்றனர். இரண்டாவது நிகழாமல் முதலாவது நிறைவுறாது. உருவாக்கியவர் தம் மேற்பார்வையிலிருந்து மாணவரை விடுவிக்காதவரை அவர் கையளித்தது பொறுப்பன்று, பாடம் மட்டுமே. இச்சொல்லின்வழி நோக்கின், கிறித்தவத் தலைமை உருவாக்கத்தின் உரைகல் பயிற்சியின் நிறைவில் இல்லை. பயிற்றுவித்தவரின் விலகலில் உள்ளது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். தீமோத்தேயு நிருபங்கள் ஒப்புவிக்கப்பட்டதைக் ‘காத்துக்கொள்’ என்றும் வலியுறுத்துகின்றன. எனவே மாறாமல் காத்தலே, அதாவது மனப்பாடமே, அவற்றின் நோக்கம் எனலாம். எனினும் நான்கு கண்ணிகளின் வாக்கியம் காத்தலை வைத்திருத்தலாகக் கருதவில்லை. அடுத்தவரிடம் சென்று சேர்வதே அங்குக் காக்கும் வழி.

பனுவலின் வரையறைகள்

இந்நிருபங்களைத் தலைமைக் கையேடாக அப்படியே ஏற்பதில் இடர்கள் உள்ளன. அவற்றைப் பவுலே எழுதினாரா என்பது விவிலிய அறிஞரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. பவுலுக்குப் பிற்பட்டவர் எழுதியவை எனக் கொள்வோருக்கு, அவை நிறுவனமாக இறுகிவரும் சபையின் தேவையைக் காட்டுவன. பெண்களைப் பொறுத்தவரை முரண் வெளிப்படையானது. முதல் நிருபம் பெண் உபதேசிப்பதைத் தடுக்கிறது. இரண்டாம் நிருபமோ தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் ஆகியோரிடமிருந்து தொடங்குகிறது. அவ்வாறாயின் பவுலுக்கு முன்பே அச்சங்கிலியில் இரு பெண் கண்ணிகள் இருந்துள்ளன.

உரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பெபேயாளைக் குறிக்கும் ‘தியாக்கொனொஸ்’ தமிழில் ‘ஊழியக்காரி’ ஆகிறது. அதே சொல் பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் ‘உதவிக்காரர்’ எனப் பதவிப்பெயராகிறது. மொழிபெயர்ப்பின் இவ்வேறுபாடு, பெபேயாள் அப்பதவியாளருக்கு இணையானவர் என்பதைத் தமிழ் வாசகரின் கண்ணுக்குப் புலப்படாமல் செய்துவிட்டது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் முதல் பெண் பேராயராக எ. புஷ்பலலிதாவை 2013இல்தான் பெற்றது. யாரிடம் ஒப்புவிக்கலாம் என்னும் தெரிவிலேயே தலைமை உருவாக்கத்தின் நேர்மை முதலில் சோதிக்கப்படுகிறது.

அசரியா: ஒப்புவிக்கப்பட்டவரும் ஒப்புவித்தவரும்

மேற்கண்ட உரைகல்லை வரலாற்றில் பொருத்திக் காண வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்வு ஏற்றது. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்ற முதன்மைக் காரணராக இருந்தார். இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிருவாகம் என்பதே அதன் அடிப்படை. அச்சங்கத்தின் களமான தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு 1909இல் அவரே பணியாளராகச் சென்றார்.

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பேராளர் இருந்தனர். ஆசியர் இருபதின்மருக்கும் குறைவு. அங்கு அசரியா, அயல்நாட்டுப் பணியாளரின் ஈகத்தை நன்றியுடன் ஏற்றுக்கொண்டே, அவர்கள் இந்தியருக்கு இன்னும் நட்பைத் தரவில்லை என எடுத்துரைத்தார். அதன் உட்பொருள், மேற்பார்வை உறவு தோழமை உறவாக மாறவேண்டும் என்பதே. மனப்பாடம் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர்முன் மாணவர் பொறுப்பைக் கேட்ட தருணம் அது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல்லின் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அங்கு ஊர்ப்புற ஆசிரியர்களையும் குருமாரையும் அம்மண்ணின் மக்களிடமிருந்தே பயிற்றுவித்தார். தாம் பெற்றதை அவர் அடுத்த கண்ணிக்குக் கையளித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1945இல் அவர் மறையும்வரை ஓர் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்துக்குப் பொறுப்பேற்ற இந்தியப் பேராயர் அவர் ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகளில் இரண்டாமவர் அமர்த்தப்படவில்லை. அசரியாவின் பெயர் வெற்றிச்சான்றாக அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இத்தனிமையை நோக்க, அது நிறுவனத்தின் தயக்கத்துக்கும் சான்றாகிறது. தலைவர் ஒருவர் உருவானார். தலைவர்களை உருவாக்கும் மரபு மேல்மட்டத்தில் உருவாகவில்லை.

முடிவுரை

தமிழ் விவிலியச் சொல்லாட்சியின்வழிக் காணும்போது, தலைமை உருவாக்கம் என்பது அறிவையோ பண்பையோ ஊட்டுவதோடு முடிவதன்று. நம்பத்தக்கவரிடம் பொறுப்பை வைத்து, வைத்தவர் விலகுவதில் அது நிறைவுறுகிறது. இறையியல் கல்லூரிகளும் இளையோர் பயிற்சித் திட்டங்களும் எத்தனை பேரைப் பயிற்றுவித்தன என்பதைவிட, எத்தனை பொறுப்புகளைத் திரும்பப் பெறாமல் கையளித்தன, அவற்றைப் பெண்களுக்கும் கையளித்தனவா என்பனவே ஆய்வாளர் எழுப்பவேண்டிய வினாக்கள். மூத்தோர் அமர்ந்திருக்க, இளையோர் பாடத்தை மட்டும் திருப்பிச் சொல்லும்வரை நிகழ்வது திண்ணைப்பள்ளியின் ஒப்புவித்தலே. நிருபம் பணிக்கும் ஒப்புவித்தல், மூத்தோர் இருக்கையை விட்டு எழும்போதுதான் தொடங்குகிறது.