மட்டக்களப்புக் களரியில் நகை

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை வகுத்தார். பரதரின் நாட்டிய சாத்திரம், உயர்ந்தோர் முறுவல் முதல் இழிந்தோர் பெருஞ்சிரிப்பு ஈறாகச் சிரிப்பினை அறுவகைப்படுத்திற்று. இத்துணைப் பழமை வாய்ந்த பொருளை மேலைநாட்டார் கடந்த நூற்றாண்டிற் புதிதாக ஆராயப் புகுந்தனர். பிரெஞ்சு மெய்யியலறிஞர் பேர்க்சன் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உயிர்ப்பிழந்து பொறிபோல் இயங்குவோரைச் சமுதாயம் சிரிப்பினால் திருத்துகின்றது என்றார். உளவியலறிஞர் பிராய்ட் 1905ஆம் ஆண்டில், அடக்கி வைத்த எண்ணங்கள் நகைமொழி வாயிலாக வெளிப்படுகின்றன என்றார். மானிடவியலறிஞர் றட்கிளிவ் பிறவுண் 1940ஆம் ஆண்டில் ‘கேலி உறவு’ என்னும் கருத்தினை விளக்கினார். குறித்த சில உறவினரைக் கேலி செய்தல் உரிமை. அதனைச் சினவாது ஏற்றல் கடமை என்பது அதன் சாரம். மகாதேவ ஆப்தே 1985ஆம் ஆண்டில் பல சமுதாயங்களின் நகையை ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

இக்கொள்கைகளை உரைத்துப் பார்த்தற்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் சிறந்ததோர் உரைகல்லாகும். தாய்வழிக் குடிமுறையும், மணமகன் மனைவி வீட்டிற் சென்று வாழும் வழக்கமும் இங்கு நெடுங்காலம் நிலைத்தவை. மாமியின் முன் அடங்கி நிற்பவன், மச்சானொடும் மச்சாளொடும் தடையின்றிப் பகடி பேசுவான். பிணக்கு எழக்கூடிய இடத்தில், ஒருபால் அடக்கமும் மறுபால் கேலியும் உறவினைக் காக்கின்றன.

கண்ணகி வழிபாட்டொடு இயைந்த கொம்புமுறி விளையாட்டு இதனினும் தெளிவான சான்றாகும். ஊரார் வடசேரி, தென்சேரி என இருபாற் பிரிந்து, வளைந்த கொம்புகள் இரண்டனை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பர். ஒருவரையொருவர் வசைபாடுவர். கொம்பு முறியப்பெற்றோர் ஏளனத்தைப் பொறுத்தல் வேண்டும். பிறிதொரு நாளிற் பகையாக முடியும் சொற்கள் அன்று விளையாட்டாக அமைகின்றன.

ஈண்டு மெய்ப்பாட்டியலுக்குப் பேராசிரியர் வரைந்த உரை நினைவுகூரத்தக்கது. எள்ளல் என்பது பிறரை எள்ளித் தான் நகுதல் மட்டுமன்று. பிறரால் எள்ளப்பட்ட விடத்துத் தான் நகுதலுமாம் என அவர் இருவகைப்படுத்தினார். எள்ளப்பட்டவன் நகுதலே கேலி உறவின் உயிர்நிலை. ஆயின், இதுகொண்டு ‘மேலையார் கூறிய யாவும் நம் முன்னோர் கூறியவையே’ எனப் பெருமை பேசுதல் ஆராய்ச்சி ஆகாது. உரையாசிரியர் வினாவியது நகை உள்ளத்தில் எவ்வாறு பிறக்கின்றது என்பது. மானிடவியலார் வினாவியது அது சமுதாயத்தில் யாது செய்கின்றது என்பது. வினாக்கள் இரண்டு, ஒன்று மற்றொன்றிற்குத் துணையாகலாமேயன்றி, ஒன்றே ஆகா.

இவ்விரு நோக்கும் ஒருங்கே கூத்துக் களரிமேற் செல்லவில்லை என்பதே குறை. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1926ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்க சூளாமணியில், செகசிற்பியார் நாடகங்களைத் தமிழ் மெய்ப்பாட்டு நெறியால் ஆராய்ந்து புதுவழி கண்டார். எனினும், அவர் பிறந்த மண்ணின் வட்டக்களரி அந்நூலின் பொருளாகவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் விடியுமட்டும் ஆடப்பெற்ற கூத்தினைச் சுருக்கி, 1964ஆம் ஆண்டின் இராவணேசன் போன்ற ஆக்கங்களால் நகர மேடையில் ஏற்றினார். அத்தொண்டு பெரிது. ஆயினும் அதற்கொரு விலையும் உண்டு. இரவு நீளுங்கால், கட்டியகாரன் முதலிய சிறு பாத்திரங்கள் ஊர்ச் செய்திகளைத் தொட்டுப் பேசும் நகைப் பேச்சிற்கு இடமுண்டு. அண்ணாவியாரின் ஏட்டிலும் எழுதப்படாத அப்பேச்சு, சுருக்கத்தில் முதலில் உதிர்வதாகும். சி. மௌனகுரு 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’, வடமோடி தென்மோடிகளோடு மகிடிக் கூத்தையும் பறைமேளக் கூத்தையும் ஆய்வுக்கு உரியனவாக்கியது. நகையாராய்ச்சி தொடங்கவேண்டிய வாயில் அதுவே.

அவ்வாயிலிற் புகுவோர் ஒன்றை மறத்தலாகாது: களரியில் எழும் நகையெல்லாம் உறவை வளர்ப்பதன்று. மகிடிக் கூத்தில் மந்திரப் போட்டிக்கு வருவோர் பிற இனத்தாராகவும் அயல்நாட்டாராகவும் வேடமிட்டு, அவர்தம் பேச்சினையும் நடையினையும் நகைக்குரியனவாக்குவர். மச்சான் மறுமொழி கூறுவான். எதிர்ச்சேரியார் எதிர்வசை பாடுவர். வேடமாக மட்டும் களரிக்கு வந்தவன் யாது கூறுவான்? எள்ளப்பட்டவன் தானும் நகுதற்கு அங்கு இடமில்லை. பேர்க்சன் கூறியதுபோல் நகை திருத்துமாயின், யாரை யார் திருத்துகின்றனர் என்னும் வினாவும் எழுதல் இயல்பே. மறுமொழிக்கு இடந்தரும் நகை உறவாகும். அஃது இல்லாத நகை இழிப்பாகும். இவ்வளவுகோலாற் பார்க்குங்கால், ஒரே களரியில் ஓரிரவில் இருவகை நகையும் காணப்படும்.

ஆதலின், கூத்தின் பாட்டையும் ஆட்டத்தையும் மட்டும் பதிவு செய்வோர் அதன் பாதியையே பதிவு செய்கின்றனர். ஏட்டில் இல்லாத பேச்சு, அதனைக் கேட்டுச் சிரித்தோர், சிரியாது இருந்தோர் ஆகிய இவையும் குறிக்கப்பெறல் வேண்டும். அண்ணாவிமாரும் முதிய கூத்தரும் உளராகும்போதே மாணாக்கர் இப்பணியை மேற்கொள்வாராயின், மெய்ப்பாட்டியல் ஏட்டளவில் நில்லாது களரியிலும் உயிர்பெறும்.