ஒரு வாத்தியம், இரு பெயர்கள்

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ஒரே வாத்தியத்துக்கு இரு பெயர்கள் உண்டு. செல்வர் கூடும் மண்டபத்தில் அது வயலின். உழைப்பாளர் கூடி ஆடும் முற்றத்தில் அது பிடில். மரமும் நரம்பும் வில்லும் ஒன்றே. வேறுபடுவது வாசிப்போரின் சமூக நிலையும் வாசிக்கும் முறையுமே. இப்பிரிவினையைக் கடக்க முயன்ற ஒருவரின் கலைவாழ்வை நாம் ஈண்டு மதிப்பிடுவோம்.

மார்க் ஓ'கொனர் 1961இல் அமெரிக்காவின் சியற்றில் நகரிற் பிறந்தவர். ரெக்சஸ் பிடில் மரபின் பெருங்கலைஞரான பென்னி தொமசனிடம் பயின்றார். சிறியதொரு நடன மெட்டைச் சுற்றுக்குச் சுற்று புதுக்கி வாசிப்பதே அம்மரபின் உயிர். ஐடகோ மாநிலத்து வீசர் நகரில் நடைபெறும் தேசியப் பிடில் போட்டியில் நான்கு முறை முதலிடம் பெற்ற அவர், 1980களில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களிற் பிறர் பாடல்களுக்கு வாசித்துப் பிழைத்தார். பின்னர் அத்தொழிலை விடுத்து, இசைக்குழுவுடன் வாசிப்பதற்கெனக் கொன்சேட்டோ ஒன்றை இயற்றினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பிடில் கொன்சேட்டோ' என்பதாகும். மண்டபத்துள் நுழைவதற்காகப் பிடில் தன் பெயரை மாற்றவேண்டியதில்லை என்ற துணிவை இப்பெயரிலேயே நாம் காண்கிறோம்.

எனினும் ஒரு வினாவை எழுப்பாதிருக்க இயலாது. 1996இல் யோ-யோ மா, எட்கார் மேயர் ஆகியோருடன் அவர் வெளியிட்ட 'அப்பலாச்சியா வால்ற்ஸ்' பெரும் புகழ் பெற்றது. அதன் தலைப்பிசை மெல்ல நகர்வது, உள்ளத்தை உருக்குவது. ஆனால் அப்பலாச்சியா வெறும் மலைக்காட்சியன்று. அது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழும் நிலம். 1921இல் மேற்கு வேர்ஜினியாவின் பிளேயர் மலையில் ஆயிரக்கணக்கானோர் தொழிற்சங்க உரிமைக்காக ஆயுதமேந்திய நிலம். சொல்லற்ற இசையிடம் வரலாற்றுப் பாடத்தை நாம் கேட்கவில்லை. ஆயினும் ஆடியவர்கள் அகன்று, அமர்ந்து கேட்போர் மாத்திரம் எஞ்சும்போது மக்களிசை தன் தாளத்தின் ஒரு பகுதியை இழக்கிறது என்பதே எமது கருத்து.

இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்வது அவர் 2009 முதல் வெளியிட்ட பயிற்சி நூல்வரிசையாகும். ஐரோப்பியப் பெருங்கலைஞரின் படைப்புகளையே படிக்கற்களாகக் கொள்ளாது, அமெரிக்க மக்களின் மெட்டுகளிலிருந்து அது தொடங்குகிறது. கறுப்பின மக்களுக்கு அம்மெட்டுகளிலுள்ள பங்கையும் மாணவருக்கு எடுத்துரைக்கிறது. இது சிறிய செய்தியன்று. 1841இல் சொலமன் நோதப் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர், பிடில் வாசிக்கும் வேலை தருவதாக ஏமாற்றிக் கடத்தப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக உழன்றார். தோட்ட முதலாளிகளின் விருந்துகளுக்கு வாசித்தவர்களுட் பலர் இத்தகைய அடிமைகளே. அவர்களை மறந்த இசைக்கல்வி பொய்க்கல்வியாகும்.

ஓ'கொனரின் பெருமை எத்தனை இசை வகைகளிற் புகுந்து வெளிவந்தார் என்பதிலன்று. மேடையிற் பெற்றதை வகுப்பறையிற் பொதுவுடைமையாக்கத் துணிந்தார் என்பதிலேயே அது தங்கியுள்ளது. விருதுகளைக் காட்டிலும் அந்நூல்களே அவரை எதிர்காலத்தில் வாழவைக்கும் என நாம் நம்புகிறோம்.