வடுவூர் முதல் விடாது கருப்பு வரை

சங்கீதத்தையும் கோபுரத்தையும் நெல்லையும் சொல்லி மாளாத தஞ்சைத் தரணி, தமிழில் மர்ம நாவலுக்கும் நாற்றங்காலாக இருந்தது என்பதை நம் விழா மேடைகளில் ஏனோ எவரும் எடுத்துரைப்பதில்லை. தஞ்சைக்கும் மன்னார்குடிக்கும் இடையிலுள்ள வடுவூரில் பிறந்த துரைசாமி ஐயங்கார், ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் கதைப்போக்கைக் கைக்கொண்டு, அதற்குள் நம் அக்கிரகாரத்து மாமியார்களையும் நாத்தனார்களையும், டிப்டி கலெக்டர்களையும் வக்கீல்களையும் குடியேற்றி, படித்தவரும் பாமரரும் ஒருங்கே ராக்கண் விழிக்கும்படி செய்தார். அவருடைய நாவல்களான 'மேனகா' 1935-லும், 'திகம்பர சாமியார்' 1950-லும் திரைப்படங்களாயின. பின்னதில் எம். என். நம்பியார் போட்ட வேஷங்களை நினைவுகூரும் முதியவர்கள் இன்றும் உண்டு.

திருவிடைமருதூர்த் தேவன் வகுத்த மார்க்கம் வேறு. அவருடைய துப்பறியும் சாம்பு, புத்தியினால் அன்றி அசட்டு அதிர்ஷ்டத்தால் ஜயிப்பவர். பயத்துக்கு அங்கே இடமே இல்லை. காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாகத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, ரசிகர்கள் குற்றவாளியைத் தேடவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனோதத்துவ மர்மம் என்று மெய்யாகவே சொல்லத் தகுந்தது, 1990-களில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பான 'மர்மதேச'த்தோடுதான் வந்தது. சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, நன்னிலத்துக்காரரான கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. ஆக, அதிலும் டெல்டாவுக்கு ஒரு பங்கு உண்டென்று நாம் உரிமை கொண்டாடலாம். அத்தொடர் வரிசையில் முதலில் வந்த 'ரகசியம்' சித்தர்களைப் பற்றியது. விறுவிறுப்பு மிகுந்ததாயினும் அதன் மர்மம் வெளியில்தான் இருந்தது. அடுத்து வந்த 'விடாது கருப்பு'வோ, கிராமத்தின் காவல் தெய்வம் குற்றம் செய்தவனைத் தண்டிக்கிறது என்னும் ஜனங்களின் நம்பிக்கையையும், பால்யத்தில் காயப்பட்ட ஒரு மனம் இரண்டாகப் பிளவுபட்டுத் தானறியாமலே தண்டிக்கிறது என்னும் வைத்தியரின் விளக்கத்தையும் ஒரே குதிரையின்மேல் ஏற்றி, எது மெய் என்று கடைசிவரை நம்மைத் தவிக்கவிட்டது. ஒரு வாரக் காத்திருப்பும் அந்தத் தவிப்புக்கு உரமூட்டியது. ஒரே இரவில் முழுத் தொடரையும் பார்த்து முடிக்கும் இக்காலத்தவருக்கு அந்த சுகம் வாய்க்காது.

இத்தகைய மனோதத்துவ மர்ம நாவலைத் திரைக்குக் கொண்டுவருவதில் உள்ள சங்கடம் யாதெனில், எழுத்தாளன் ஒரு பாத்திரத்தின் பிரமையைப் பிரமையென்று சொல்லாமலே பக்கம் பக்கமாக எழுதிச் செல்லலாம். காமிராவோ எதையும் கண்முன் நிறுத்தியே ஆகவேண்டும், நிறுத்தியதை ஜனங்கள் நம்பியும் விடுவார்கள். ஆகையால், எதைக் காட்டாமல் விடுவது என்று அறிந்தவனே தேர்ந்த இயக்குநர் என்பது என் அபிப்பிராயம். இடியோசையும் ஊளையும் சேர்த்துவிட்டால் திகில் பிறந்துவிடும் என்று எண்ணிய பிற்காலத் தொடர்கள் பலவற்றை இந்த அளவுகோலுக்கு உட்படுத்தவே அவசியமில்லை.

இன்று ஒருவர் தொடராக்க விரும்பினால் அவருக்கு 'மேனகா'வையே சிபாரிசு செய்வேன். கடத்தலும் மாறுவேஷமும் அதில் ஏராளம். அவற்றைத் தயங்காமல் கத்தரித்து விடலாம். தமக்கைமார் பேச்சைக் கேட்டு மனைவி மேனகாவின்மேல் சந்தேகத்தை வளர்த்துக்கொள்ளும் வராகசாமியின் மனம் ஒன்றே பல வாரங்களுக்குப் போதும். ஐயங்கார் விறுவிறுப்பின் அவசரத்தில் அதை விரைவாகக் கடந்து போய்விட்டார்.